அப்பாவுக்குச் சம்பளத்தோடு நீண்ட விடுப்பு: எடுக்கலாமா, எப்படி எடுப்பது?

குழந்தை பிறந்தால் அப்பாவுக்கும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று சம்பளத்தோடு விடுப்பு தரும் திட்டங்கள் பெருகிவிட்டன. சிலவற்றை அரசின் சமூகக் காப்பீடு தருகிறது, சிலவற்றை நிறுவனமே தன் கையிலிருந்து தருகிறது. அறிவிப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான்: இத்தனை வாரம், இத்தனை சதவீதச் சம்பளம். எடுக்கப் போகும்போதுதான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும். ஆகவே இதை ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு, எது நன்றாக வேலை செய்கிறது, எது எங்கே காலை வாருகிறது என்று பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எடுங்கள். கிடைக்கும் முழு அளவையும் எடுங்கள். ஆனால் பிறந்த அன்றே தொடங்கி ஒரே மூச்சில் தீர்த்துவிடாதீர்கள். முதல் இரண்டு, மூன்று வாரம் ஒரு தவணை. அம்மா வேலைக்குத் திரும்பும் நாளில் மீதி மொத்தமும் இரண்டாம் தவணை. அம்மாவும் வீட்டில் இருக்கும்போதே முழு விடுப்பும் கழிந்தால் அப்பா கடைசிவரை எடுபிடியாகவே இருந்துவிடுவார். டயப்பரை எடுத்துக் கொடுப்பார், டயப்பர் தீரப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. குழந்தையோடு அப்பா தனியாக இருக்கும் வாரங்களில்தான் இந்தச் சேவையின் சாரம் இருக்கிறது. எந்தத் திட்டத்தையும் அதை வைத்தே எடை போட வேண்டும்.

யார் பெயரில் இருக்கிறது?

வாரக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வாரங்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். பெற்றோர் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்த விடுப்பு எப்படிச் சுற்றினாலும் அம்மாவிடம்தான் போய்ச் சேரும். யார் சம்பளம் அதிகமோ அவர் வேலையில் இருக்கட்டும் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். 'உங்கள் மனைவி எடுத்துக்கொள்ளலாமே' என்று அலுவலகத்தில் கேட்பார்கள். அப்பா எடுக்காவிட்டால் காலாவதி என்று சட்டத்தில் இருந்தால் இரண்டு பேச்சுக்கும் இடமில்லை.

நார்வே இதை 1993-இல் செய்து காட்டியது. அதுவரை விடுப்பு எடுத்த அப்பாக்கள் நூற்றுக்கு 3 பேர். நான்கு வாரம் அப்பாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிய உடனே அது 35 ஆனது. 2006 வாக்கில் 70. கோர்டன் டால், லோக்கன், மோக்ஸ்டாட் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்தப் பதிவேடுகளை அலசி 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. சகோதரர் எடுத்திருந்தால் ஒருவர் விடுப்பு எடுக்கும் வாய்ப்பு 15 சதவீதப் புள்ளி கூடுகிறது. உடன் வேலை செய்பவர் எடுத்திருந்தால் 11 புள்ளி. அந்த உடன் வேலை செய்பவர் உயர்நிலை மேலாளர் என்றால் தாக்கம் இரண்டரை மடங்கு. ஆக, உங்கள் அலுவலகத்தில் இந்தத் திட்டம் ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவுமா என்று தெரிய வேண்டுமானால் எச்.ஆர். கையேட்டைப் படிப்பதைவிட, கடந்த சில ஆண்டுகளில் எந்த மேலாளராவது முழுதாக எடுத்தாரா என்று விசாரிப்பது நல்லது. இன்று நார்வே அப்பாவுக்கு ஒதுக்குவது 15 வாரம், முழுச் சம்பளத்தோடு; 80 சதவீதம் போதும் என்றால் 19 வாரம்.

ஸ்வீடன் 1974-லேயே தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பை இருவருக்கும் பொதுவாக்கிய முதல் நாடு. அப்பாக்கள் என்ன செய்தார்கள்? கையெழுத்துப் போட்டு அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு 1995-இல் ஒரு மாதம், 2002-இல் இரண்டு, 2016-இல் மூன்று என்று ஒதுக்கீடு ஏறி இப்போது ஆளுக்கு 90 நாள் மாற்ற முடியாதது. மொத்தம் 480 நாள். அதில் 390-க்கு வருமானத்தில் ஏறக்குறைய 80 சதவீதம், மீதி 90-க்கு நாளுக்கு 180 குரோனர் மட்டும். பிரித்து எடுக்கும் வசதியில் இதை மிஞ்ச ஆளில்லை: முழுநாள், முக்கால், அரை, கால், எட்டில் ஒரு பங்கு நாள் வரை நறுக்கிக்கொள்ளலாம். குழந்தைக்கு 4 வயதுக்குப் பிறகும் 96 நாள்வரை சேமித்து 12 வயதுவரை பயன்படுத்தலாம்.

குறையும் உண்டு. உதவித்தொகைக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு; அதற்கு மேல் வாங்குபவருக்கு 80 சதவீதம் என்பது பெயருக்குத்தான். தொழிற்சங்க ஒப்பந்தம் இருந்தால் நிறுவனம் கொஞ்சம் ஈடுகட்டும், இல்லாவிட்டால் துண்டு விழும். இன்னொரு குழி ஆழமானது. குழந்தைக்கு ஒரு வயது முடிந்தபின் வேலைக்கும் போகாமல், வாரத்துக்கு 5 நாள் உதவித்தொகையும் எடுக்காமல், நாள்களை மிச்சப்படுத்துகிறேன் என்று இருந்தால் உதவித்தொகை கணக்கிடும் அடிப்படை வருமானமே இறங்கிவிடும். அடுத்த குழந்தைக்கும், காய்ச்சலில் படுத்தால் வரும் பணத்துக்கும் அதே எண்தான் அடிப்படை.

ஜப்பான் இதற்கு நேர்மாறான பாடம். காகிதத்தில் அது உலக முன்னணி. அப்பாவுக்குத் தனியாகவே ஏறக்குறைய ஒரு வருடம், முதல் 180 நாளுக்கு 67 சதவீதம், பிறகு 50. விடுப்பில் சமூகக் காப்பீட்டுச் சந்தாவும் கிடையாது என்பதால் கைக்கு வருவது 80 சதவீதத்துக்கு நிகர். இருந்தும் பல ஆண்டுகள் எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். பணம் இருந்தது, அலுவலகத்தில் முகம் கொடுக்க முடியாது என்ற பயமும் இருந்தது. பிறகு 2022-இல் இரண்டு மாற்றம் வந்தது. தகுதியுள்ள ஊழியரிடம் நிறுவனமே போய் 'எடுக்கப்போகிறீர்களா' என்று கேட்டாக வேண்டும். பிறந்த 8 வாரத்துக்குள் 4 வாரம்வரை, இரண்டாகப் பிரித்தும் எடுக்கலாம். எடுத்தவர்கள் 2022 நிதியாண்டில் 17 சதவீதம், 2023-இல் 30, 2024-இல் 40 ஆனார்கள். ஊழியர் கேட்க வேண்டும் என்பதை நிறுவனம் கேட்க வேண்டும் என்று திருப்பிப் போட்டதற்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பது எங்கள் கணிப்பு. ஆனால் எடுப்பவர்களில் பெரும்பாலோர் எடுப்பது குறைந்த காலமே. தனியாகக் கவனித்துக்கொள்ளும் தவணை அங்கே இன்னும் அரிதுதான்.

ஜெர்மனியின் எல்டர்ன்கெல்ட் என்ற பெற்றோர் உதவித்தொகை 2007-இல் வந்தது. நிகரச் சம்பளத்தில் 65 முதல் 67 சதவீதம், மாதம் 1,800 யூரோ உச்சம். இருவருக்குமாக 12 மாதம். இரண்டாமவரும் எடுத்தால் கூடுதலாக 2 மாதம். திட்டம் நல்லது, நடைமுறையில் நெளிவு சுளிவு அதிகம். அங்கே அப்பாக்கள் வழக்கமாகச் சிக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, மாதக் கணக்கு காலண்டர்படி ஓடாது, குழந்தை பிறந்த தேதிப்படி ஓடும். குழந்தை 12-ஆம் தேதி பிறந்தால் அடுத்த மாதம் 11 வரை முதல் மாதம். 1-ஆம் தேதியிலிருந்து 30 வரை விடுப்பு எழுதிக் கொடுத்தால் இரண்டு குழந்தை-மாதங்களில் பாதிப் பாதி சம்பளம் விழும், உதவித்தொகை குறையும், சிலருக்குக் கிடைக்காமலே போகும். இரண்டு, முன்னறிவிப்பு. விடுப்பு தொடங்குவதற்கு 7 வாரம் முன்னால் சொல்ல வேண்டும்; ஆனால் பணிநீக்கப் பாதுகாப்பு 8 வாரம் முன்னால்தான் தொடங்குகிறது. மகிழ்ச்சியில் நான்கு மாதம் முன்பே கடிதம் கொடுத்தவருக்கு இடைப்பட்ட காலத்தில் எந்தக் காப்பும் இல்லை. எட்டாவது, ஏழாவது வாரங்களுக்கு இடையே கொடுப்பதே சரி. மூன்று, பழைய மாதங்களுக்குப் பணம் கேட்டால் 3 மாதம் பின்னோக்கித்தான் கிடைக்கும். இவை போக, 2024 ஏப்ரலுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு இருவரும் ஒரே நேரத்தில் அடிப்படை உதவித்தொகை எடுப்பது முதல் 12 மாதத்துக்குள் ஒரு மாதத்தோடு சரி. பலரும் இதற்காக முணுமுணுத்தார்கள். அப்பாவைத் தனியாக எடுக்கத் தள்ளுகிறது என்பதால் எங்களுக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

சம்பளத்தில் முழு மதிப்பெண் ஸ்பெயினுக்கு. 2007-இல் இரண்டு வாரம் என்று தொடங்கி, 2021-இல் அம்மாவுக்குச் சமமாக 16 வாரம், 100 சதவீதம், மாற்ற முடியாதது. 2025-இல் 19 ஆனது. முதல் 6 வாரம் பிறந்தவுடன் கட்டாயம். மீதியில் பெரும்பகுதியை ஒரு வருடத்துக்குள் வாரம் வாரமாகப் பிரிக்கலாம், 2 வாரத்தைக் குழந்தைக்கு 8 வயதாகும்வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தவணைக்கும் 15 நாள் முன்னறிவிப்பு. 'முதல் 6 வாரம் கட்டாயம்' என்பதால் மேலாளரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. எடுக்காமல் இருப்பதுதான் சட்டவிரோதம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரான்ஸ் 2021 முதல் 28 நாள், அதில் 7 கட்டாயம்: முதல் தவணைக்குப் போதும், இரண்டாவதுக்குப் போதாது. பிரிட்டன் இரண்டு வாரம், அதுவும் சொற்பத் தொகைக்கு. 2015-இல் வந்த பகிர்ந்த பெற்றோர் விடுப்போ, அம்மா தன் விடுப்பை வெட்டிக்கொடுத்தால்தான் அப்பாவுக்கு வரும். வடிவமைப்பிலேயே கோளாறு, மிகச் சிலரே எடுக்கிறார்கள். அமெரிக்காவின் 1993 சட்டம் 12 வாரம் வேலைப் பாதுகாப்பு தருகிறது, சம்பளம் தராது. 50 பேருக்குக் குறைந்த நிறுவனமென்றால் அதுவும் இல்லை. அங்கே மத்திய அரசு ஊழியருக்கு 2020 அக்டோபர் முதல் 12 வாரம் சம்பளத்தோடு உண்டு; திரும்பி வந்து 12 வாரம் வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள், பிறந்து 6 மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதி. தனியார் துறையை எந்த மத்தியச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, எல்லாம் நிறுவனத்தின் மனசு.

நிறுவனம் தரும் விடுப்பா? சிறிய எழுத்தைப் படியுங்கள்

நிறுவனக் கொள்கையில் முதலில் தேட வேண்டிய சொல் 'முதன்மைப் பராமரிப்பாளர்'. அவருக்கு 16 வாரம், 'துணைப் பராமரிப்பாளருக்கு' 2 வாரம் என்று இருக்கும். அப்பா என்றாலே துணை என்று எச்.ஆர். தானாக முடிவுகட்டும் இடங்கள் இருந்திருக்கின்றன. ஜே.பி. மார்கன் சேஸ் இப்படிப்பட்ட வழக்கில் 2019-இல் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எஸ்டே லாடர் 2018-இல் 11 லட்சம் டாலர் கொடுத்தது. அங்கே பிரசவ ஓய்வு முடிந்தபின் குழந்தையோடு இருக்க அம்மாக்களுக்கு 6 வாரம், அப்பாக்களுக்கு 2 வாரம் என்றிருந்தது. முதன்மைப் பராமரிப்பாளர் என்பதை எப்படி நிரூபிப்பது, அம்மா வேலைக்குத் திரும்பிய தேதியைக் காட்டும் கடிதம் போதுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, 'சம்பளம்' என்பதில் என்ன அடங்கும்? அடிப்படைச் சம்பளம் மட்டுமா, படிகளும் உண்டா, விற்பனைக் கமிஷன் என்ன ஆகும்? கமிஷனில் பிழைப்பவருக்கு 'முழுச் சம்பளம்' என்பது பாதிகூட இருக்காது. வருட மதிப்பீட்டில் விடுப்புக் காலம் எப்படிக் கணக்காகும் என்பதும் முக்கியம். ஆறு மாதம் வேலை செய்தவர் முடித்ததைப் பன்னிரண்டு மாத இலக்கோடு ஒப்பிட்டால் 'எதிர்பார்ப்புக்குக் கீழ்' என்றுதான் வரும். இலக்கையும் பாதியாக்கினார்களா என்று விடுப்புக்கு முன்பே மேலாளரிடம் மின்னஞ்சலில் உறுதி செய்ய வேண்டும். ஓய்வூதியச் சந்தா தொடர்கிறதா, திரும்பி வந்து இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் விடுப்புச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்பார்களா, குழந்தையை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கக் கெடு எத்தனை நாள் என்பவையும் உண்டு. கடைசியில் சொன்னதைத்தான் தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வைத்தே விண்ணப்பித்துவிட்டுச் சான்றிதழைப் பிறகு கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

குறைமாதப் பிரசவத்துக்கு என்ன ஏற்பாடு என்பதையும் பாருங்கள். குழந்தை பல வாரம் மருத்துவமனையில் இருந்தால் விடுப்பு மொத்தமும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றே தீர்ந்துவிடும். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் இதற்கென்று 12 வாரம்வரை தனி விடுப்பு இருக்கிறது. அது இல்லாத திட்டத்தில் விடுப்பின் தொடக்க நாளைத் தள்ளிவைக்கலாமா என்பதே கேள்வி.

முதல் தவணை: இரண்டு, மூன்று வாரம்

இந்த வாரங்களில் அப்பாவின் முதல் வேலை அம்மாவைக் கவனிப்பது. ஸ்வீடனில் 2012-இல் அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் 30 நாள்வரை, தேவைப்படும் நாளில் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. பெர்சன், ரோசின்-ஸ்லேட்டர் என்ற இரு பொருளியலாளர்கள் அதன் விளைவைப் பார்த்தபோது பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதத்தில் அம்மாக்களுக்கு எழுதிக் கொடுத்த பதற்ற மருந்து 26 சதவீதமும், ஆன்டிபயாடிக் 11 சதவீதமும், பிரசவச் சிக்கலுக்காக மருத்துவமனைக்குப் போவது 14 சதவீதமும் குறைந்திருந்தன. அதற்காக அப்பாக்கள் எடுத்தது சில நாள்கள் மட்டுமே. தேவையான நாளில் வீட்டில் இன்னொரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனையும் உதிரப்போக்கு, பார்வை மங்கலோடு விடாத தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. ரத்த அழுத்தச் சிக்கல் பிரசவம் முடிந்து 6 வாரம்வரைகூட வரலாம். சிசேரியன் என்றால் அதுவரை குழந்தையைவிடக் கனமான எதையும் அம்மா தூக்கக் கூடாது. குழந்தைப் பக்கம்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 ஈர டயப்பராவது இருக்க வேண்டும், பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம்வரை குறைந்து இரண்டு வாரத்தில் திரும்ப ஏறும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை.

இரவு வேலையை எப்படிப் பிரிப்பது? பிறந்த குழந்தை நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தாய்ப்பால் நேரடியாகக் கொடுக்கும் முதல் வாரங்களில் அப்பாவால் பால் கொடுக்க முடியாது, ஆனால் மற்ற எல்லாம் முடியும். குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பது, குடித்தபின் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைப்பது, டயப்பர் மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அப்பா என்றால் அம்மா விழித்திருக்கும் நேரம் பாதியாகக் குறையும். புட்டி பழகியபின் நேரத்தையே பிரிக்கலாம்: இரவு 8 முதல் 1 வரை அப்பா, அதன்பின் அம்மா. யாருடைய முறை இல்லையோ அவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க வேண்டும். இருவரும் சேர்ந்து விழித்துக் கிடப்பது பாசமாகத் தெரியும். மறுநாள் வீட்டில் தெளிவோடு இருக்க ஒருவரும் மிஞ்சமாட்டார். ஒரு எச்சரிக்கை: தூக்கம் சொக்கும்போது குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோஃபாவில் சாயாதீர்கள். சோஃபாவில் குழந்தையோடு உறங்கிப்போவது மிக ஆபத்தானது. தொட்டிலில், மல்லாக்க, தலையணை போர்வை எதுவும் இல்லாமல்.

இந்தத் தவணைக்கு மூன்று வாரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். சிசேரியன், இரட்டையர், வீட்டில் இன்னொரு சின்னக் குழந்தை என்றால் மட்டும் நான்கு, ஐந்து வாரம்.

இரண்டாம் தவணை: அசல் சரக்கு

அம்மா வேலைக்குத் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பே அப்பாவின் விடுப்பு தொடங்கட்டும். அந்த வாரம் அம்மா முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு, பிறகு முழுப் பகல் வெளியே போக வேண்டும். வீட்டுக்குள்ளேயே இன்னொரு அறையில் இருப்பது கணக்கில் வராது. குழந்தை அழுத அரை நிமிடத்தில் கதவு திறந்துவிடும். எழுதி ஒட்டிய அட்டவணையும் வேண்டாம். அதைப் பார்த்துச் செய்பவர் சொன்னதைச் செய்பவராகவே இருப்பார்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் இந்தத் தவணை குப்புற விழுவது பெரும்பாலும் புட்டியில்தான். மூன்று, நான்கு வாரத்தில் தாய்ப்பால் சீரானதும் புட்டியை அறிமுகம் செய்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும். கொடுப்பது அப்பாவாக இருக்கட்டும். நான்கு மாதம் வரை தொடாமல் இருந்துவிட்டு முந்தின நாள் கொடுத்தால் பல குழந்தைகள் வாயையே திறக்காது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் குழந்தை நாளுக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கும், வயதோடு அது பெரிதாகக் கூடாது. ஒன்பது மணி நேரப் பிரிவுக்கு 100 மில்லி வீதம் மூன்று, நான்கு தடவை என்று கணக்கு வையுங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிடைமட்டமாக வைத்து, இடையிடையே நிறுத்தி 15, 20 நிமிடத்தில் கொடுக்க வேண்டும். புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்த்தால் ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். பால் போதவில்லை என்று வீட்டில் பீதி கிளம்பும்.

பிழிந்த பால் 25 டிகிரிவரையான அறையில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் தாங்கும். உருக்கியதை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குடித்து மீந்தது 2 மணி நேரத்துக்குப் பின் வாஷ்பேசினுக்கு. சூடாக்க வெந்நீர்க் கிண்ணம் போதும்; மைக்ரோவேவில் சூடு ஒரே சீராக ஏறாது, நடுவில் இருக்கும் கொதிநிலைச் சொட்டு வாயைச் சுட்டுவிடும். ஃப்ரீசரை நிரப்புவதற்கு முன் ஒரு பையை உருக்கி முகர்ந்து பாருங்கள். சிலரின் பாலில் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதி சுறுசுறுப்பாக இருக்கும். உறைந்து உருகினால் சோப்பு வாடை அடிக்கும். கெட்டுப்போகவில்லை, ஆனால் குழந்தை துப்பிவிடும். இது நாற்பது பை சேர்ந்த பிறகு தெரிந்தால் வயிற்றெரிச்சல்தான்.

விடுப்பு குழந்தையின் எந்த மாதத்தில் விழுகிறது என்பதையும் பாருங்கள். ஆறாம் மாதம் திட உணவு தொடங்கும். ஊட்டுவது, என்ன கொடுத்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொறுப்பை அப்பா முதலிலிருந்தே தன்னிடம் வைத்துக்கொண்டால் பிற்பாடும் அது அவர் துறையாகவே இருக்கும். எட்டாம் மாதத்தை ஒட்டி அந்நியர் பயம் உச்சத்துக்கு வரும். சரியாக அப்போது ஆளை மாற்றினால் முதல் பத்து நாள் ரகளை. காப்பகத்தில் சேர்ப்பதாக இருந்தால் விடுப்பின் கடைசி இரண்டு வாரத்தை அதற்கென்றே ஒதுக்குங்கள்: முதலில் கூடவே உட்கார்ந்து ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம் விட்டுவிட்டு வருவது, பிறகு மதியம்வரை. முதல் மாதத்தில் குழந்தை அடிக்கடி சளியோடு வீடு திரும்பும் என்பதால் ஐந்தாறு நாளைக் கையிருப்பில் வைக்க முடிந்தால் நல்லது.

தடுப்பூசித் தேதி, எடை அட்டை, அடுத்த அளவுச் சட்டை, டயப்பர் இருப்பு எல்லாம் அப்பாவின் தலைக்குள் குடியேற வேண்டும். நார்வேயில் ஒதுக்கீட்டுக்கு முன்னும் பின்னும் குழந்தை பெற்றவர்களைப் பல ஆண்டு கழித்து ஒப்பிட்ட ஆய்வில், பின்னால் பெற்ற வீடுகளில் வீட்டுவேலைச் சண்டை 11 சதவீதம் குறைவு. துணி துவைப்பதைச் சமமாகப் பிரிப்பது 50 சதவீதம் அதிகம். ஆனால் ஸ்வீடனின் 1995 ஒரு மாத ஒதுக்கீட்டை ஆராய்ந்தவர்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருப்பது யார் என்று பார்த்தபோது ஒரு மாற்றமும் காணவில்லை. இரண்டும் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒரே அளவு விடுப்பு. ஒரு மாதத்தை நம்பிப் பெரிய எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. மூன்று மாதம் தனியாக என்றால் கதை வேறு.

வேலைக்கு என்ன ஆகும்?

கொஞ்சம் அடி விழும். நார்வே அப்பாக்களின் பிந்தைய வருமானம் 1 முதல் 3 சதவீதம் குறைந்ததாக ரெகெ, சோல்லி என்ற இரு ஆய்வாளர்களின் கட்டுரை சொல்கிறது. அலுவலகத் தண்டனையால் குறைந்ததா, வீட்டில் அதிக நேரம் கொடுப்பதால் குறைந்ததா என்பது வேறு விவாதம். வீட்டுக் கணக்கில் அந்தச் சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கவிளைவு: ஸ்பெயினில் 2007-இல் இரண்டு வாரம் வந்தபின் தம்பதிகள் அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். குழந்தை வளர்ப்பு எவ்வளவு வேலை என்று அப்பாக்களுக்கும் புரிந்ததுதான் காரணமாக இருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

விடுப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பொருளியல் துறைகளில், குழந்தை பெற்ற பேராசிரியர் யாராக இருந்தாலும் பணி நிரந்தரமா இல்லையா என்று முடிவாகும் கெடுவை ஒரு வருடம் தள்ளினார்கள். ஆண்களுக்கு நிரந்தரம் கிடைப்பது கூடியது, பெண்களுக்குக் குறைந்தது. கூடுதல் வருடத்தில் யார் ஆய்வுக் கட்டுரை எழுதினார், யார் குழந்தை வளர்த்தார் என்பது தெரிந்த கதை.

கணித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். ஆகவே அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைப்பது கர்ப்பத்தின் 36-ஆம் வாரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஒப்படைப்புக் கோப்பில் வேலைப் பட்டியலைவிட முக்கியமானது, எந்த முடிவை யார் எடுக்கலாம் என்பது. கையெழுத்து அதிகாரமும் கணினி அனுமதியும் இல்லாத ஒருவரைப் பொறுப்பில் விட்டால் மூன்றாம் நாளே 'ஒரே ஒரு சந்தேகம்' என்று போன் வரும். ஒரு வாரம் அவரே முழுதாக நடத்தட்டும், நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருங்கள்; விடுபட்ட அனுமதிகள் எல்லாம் அப்போதே வெளிவரும். விடுப்பில் மின்னஞ்சல் பார்ப்பது பெருந்தன்மை அல்ல, சில திட்டங்களில் பணத்துக்கே வேட்டு. ஜப்பானின் 4 வார விடுப்பில் ஒப்பந்தப்படி வேலை செய்வது 10 நாளையும் 80 மணி நேரத்தையும் தாண்டினால் உதவித்தொகை நின்றுவிடும்.

யாருக்குப் பரிந்துரைக்கவில்லை

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதமே இருக்கும் தற்காலிக ஊழியர், புதுப்பிப்பு கையெழுத்தாகும்வரை இரண்டாம் தவணையைத் தள்ளிவைப்பது நல்லது. முதல் தவணையை விட வேண்டாம். சொற்பத் தொகை மட்டும் தரும் திட்டத்தில், வீட்டின் ஒரே வருமானம் அப்பாவுடையது என்றால், முழு விடுப்புக்குப் பதில் வாரத்தில் இரண்டு நாள் என்று பிரித்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆறு வாரத்தைக் கடனில் கழிப்பதைவிடப் பதினைந்து வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் தனியாகக் குழந்தையோடு இருப்பது மேல். சுயதொழில் செய்பவருக்கு இந்தத் திட்டங்களில் பலவும் எட்டாது. ஸ்பெயின், ஜெர்மனி, நார்டிக் நாடுகளில் எட்டும், ஆனால் கணக்கு அரசிடம் காட்டிய வருமானத்திலிருந்து வரும் என்பதால் வருமானத்தைக் குறைத்துக் காட்டியவருக்கு இங்கே அடி.

மனச்சோர்வு உள்ள அப்பாக்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பத்தில் ஒரு அப்பாவுக்கு அது வருகிறது, குழந்தையின் மூன்று முதல் ஆறு மாதத்தில் அதிகம். அதாவது பலரின் இரண்டாம் தவணை தொடங்கும் நேரத்தில். எரிச்சல், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமை, குழந்தையைத் தூக்கவே தயக்கம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படி இருக்கும்போது தனியாக முழுநாளைத் தொடங்காமல் அம்மாவின் விடுப்போடு சில வாரம் சேர்ந்து எடுக்கத் திட்டம் இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். தேதியை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் அன்றே குறித்து வைத்தவருக்கு அப்போது அலைச்சல் இருக்காது.